வீடு நல்ல வீடுதான் என்று சொன்னேன்

சேவியருக்கு, காலடிப்பேட்டையிலிருந்து அம்மா எழுதுவது.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. நீயும் நிர்மலாவும் மீஞ்சூர் பக்கம் ஒரு வீடு பார்த்திருப்பதாகவும், வெள்ளிக்கிழமைக்குள் அட்வான்ஸ் கொடுக்கச் சொல்லி புரோக்கர் அவசரப்படுத்துவதாகவும் சொன்னாய். நீங்கள் வீடு வாங்கியபோது என்னென்ன பார்த்தீர்கள் என்று கேட்டாய். பத்திரத்தைப் பார், தண்ணீரைப் பார் என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். அடுப்பில் எதுவும் இல்லை. நீ கேட்ட கேள்விக்கு முழுப் பதில் சொல்ல வேண்டுமென்றால் உனக்குத் தெரியாத ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதைப் போனில் சொல்ல எனக்கு வரவில்லை. பள்ளிக்கூட ஆபீசில் இருபத்தாறு வருடம் கடிதம் எழுதியவள் நான். எழுதினால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுவேன்.

நாங்கள் வீடு தேட ஆரம்பித்தது தொண்ணூற்றெட்டில். நாம் அப்போது ராயபுரத்தில் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்காரர் தன் மகனுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார். கல்யாணம் முடிவானதும் காலி செய்ய வேண்டும் என்று மரியாதையாகவே சொல்லிவிட்டார். உன் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் கோயிலிலிருந்து நேராக வீடு பார்க்கப் போவோம். நீ ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாய். முதல் நாலு வீட்டுக்கு வந்தாய். அப்புறம் கிரிக்கெட் மேட்ச் இருக்கிறது என்று கழன்றுகொண்டாய். மொத்தம் பதினேழு வீடு பார்த்தோம். இப்போது யோசித்தால், அந்தப் பதினேழில் பாதிக்கு மேல் நாங்கள் வீட்டைப் பார்க்கவே இல்லை, வீட்டுக்காரர்கள் எதைக் காட்டினார்களோ அதைப் பார்த்தோம் என்றுதான் தோன்றுகிறது. தண்டையார்பேட்டையில் ஒரு வீட்டில் ஒவ்வொரு அறையிலும் ஊதுவத்தி கொளுத்தி வைத்திருந்தார்கள். பக்தியான குடும்பம் என்று உன் அப்பா சந்தோஷப்பட்டார். அடுத்த வாரம் நான் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும் வழியில் சொல்லாமல் போய் நின்றேன். பின்பக்கச் சாக்கடையின் வாடை வாசல் வரைக்கும் வந்தது. அதனால் உனக்குச் சொல்கிறேன், ஒரு வீட்டைச் சொல்லிவிட்டு ஒரு தடவை பார்த்தால், சொல்லாமல் இரண்டு தடவை பார். மழை பெய்யும்போது ஒரு தடவை போக முடிந்தால் இன்னும் நல்லது.

இன்னொரு வீட்டில் சமையலறைக்குக் கடப்பைக்கல் மேடை போட்டிருந்தார்கள். அதுவரை நான் தரையில் உட்கார்ந்து சமைத்தவள். அந்த மேடையைக் கையால் தடவிப் பார்த்து, இந்த வீடு போதும் என்று உன் அப்பாவிடம் சத்தமாகச் சொல்லிவிட்டேன். வீட்டுக்காரம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். மறுநாள் புரோக்கர் வந்து விலை ஏறிவிட்டது என்றான். அது என் வாயால் ஏறிய விலை. வேறொரு வீட்டில், விலையெல்லாம் பேசி முடித்தபிறகு, நீங்கள் என்ன ஆளுங்க என்று கேட்டார்கள். உன் அப்பா நாம் பூசைக்குப் போகும் கோயில் பெயரைச் சொன்னார். அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். உன் அப்பா ஒரு மாதம் அந்த அண்ணனின் பதிலுக்காகக் காத்திருந்தார். அது பதில்தான் என்று நான் அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் அப்படிப்பட்ட மனிதர். யார் எதைச் சொன்னாலும் அதன் முதல் அர்த்தத்தை எடுத்துக்கொள்வார். வீடு வாங்கப் போகிறவனுக்கு அது நல்ல குணம் அல்ல. உனக்கும் அந்தக் குணம் கொஞ்சம் இருக்கிறது.

பதினான்காவது வீடு கடலோரத்து வீடு. திருவொற்றியூரைத் தாண்டி, எண்ணூர் நெடுஞ்சாலையிலிருந்து கடல் பக்கமாக இறங்கும் ஒரு சந்தில் இருந்தது. இரண்டு அறை, ஒரு சமையலறை, மேலே மொட்டைமாடி. ஏகாம்பரம் என்ற புரோக்கர் அழைத்துப் போனான். வீட்டுக்காரர் தனபால் என்று ஒரு பெரியவர், மனைவி இல்லாதவர், ஏற்கனவே மகள் வீட்டோடு போய்விட்டவர். எங்களுக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். உன் அப்பா மாடிப்படி ஏறிப் போனவர் கீழே இறங்கி வரவே இல்லை. நான் மேலே போனபோது, துறைமுகத்துக்குள் இடம் கிடைக்காமல் வெளியே கடலில் காத்து நிற்கும் கப்பல்களை ஒவ்வொன்றாகக் கையைக் காட்டி, இது நிலக்கரி, இது எண்ணெய், இது நாளைக்கு என் கைக்கு வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டு ரொம்ப நாள் ஆகியிருந்தது. நாங்கள் பார்த்த மற்ற வீடுகளைவிட அதன் விலை குறைவு. உன் அப்பா அதிலும் குறைத்து ஒரு விலை கேட்டார். தனபால் ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் சரி என்றார்.

அந்தச் சரியில் நாங்கள் நின்றிருக்க வேண்டும். பதின்மூன்று வீட்டில் ஒருவர்கூட எங்கள் முதல் விலைக்குச் சரி சொன்னதில்லை. ஒரு மனிதர் தன் வீட்டை அவ்வளவு சுலபமாக விடுகிறார் என்றால் ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். நாங்கள் கேட்கவில்லை, நமக்கு அதிர்ஷ்டம் என்று நினைத்தோம். அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம். உன் அப்பா சொசைட்டியில் வாங்கிய கடனும் என் இரண்டு வளையலும் சேர்ந்த பணம் அது. பத்திரம் சரியாக இருந்தது. வில்லங்கச் சான்றிதழும் போட்டுப் பார்த்தோம், ஒரு வில்லங்கமும் இல்லை. வில்லங்கச் சான்றிதழில் கடலைப் பற்றி எழுத மாட்டார்கள்.

பத்து நாள் கழித்து, ஜன்னலுக்குத் திரை தைக்க அளவெடுக்கலாம் என்று ஒரு புதன்கிழமை மத்தியானம் நான் மட்டும் போனேன். வீட்டின் பின்னால் ஒரு அம்மாள் மணலில் வலை விரித்துக் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பெயர் தேசம்மா. ஐம்பது வயதிருக்கும். இந்த வீட்டை வாங்கியது நாங்கள்தான் என்று சொன்னேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பதிவு முடிந்துவிட்டதா என்று கேட்டாள். இல்லை, அட்வான்ஸ்தான் கொடுத்திருக்கிறோம் என்றேன். அவள் கையில் இருந்த கருவாட்டை வைத்துவிட்டு எழுந்து, என்னைத் தண்ணீர்ப் பக்கம் அழைத்துப் போனாள்.

"அதோ அலை ஒடையுது பாரு, அங்கதான் எங்க வூடு இருந்துச்சு. அதுக்கும் அந்தாண்ட ரெண்டு தெரு. ஒரு சின்னக் கோயிலு. எல்லாத்தியும் கடல் தூக்கினு பூட்ச்சு. உன் வூட்டுக்கு இன்னும் ரெண்டு மழை, மூணு மழை. அவ்ளோதான்."

அவள் காட்டிய இடத்தில் தண்ணீர் மட்டும் இருந்தது. நான் தண்ணீர் விளிம்பிலிருந்து வீட்டின் பின்சுவர் வரைக்கும் நடந்து பார்த்தேன். நாற்பத்தாறு அடி வைத்தேன். தனபாலுக்கு இது தெரியுமா என்று கேட்டேன். தெரியாமலா மகள் வீட்டுக்குப் போனார் என்றாள்.

உன் அப்பாவிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை என்று சொல்ல முடியாது. நம்பவேண்டாம் என்று முடிவு செய்தார். அரசாங்கம் கல் கொட்டிக்கொண்டிருக்கிறது, இனிமேல் கடல் உள்ளே வராது என்றார். மூன்று நாள் நாங்கள் சண்டை போட்டோம். நீ அந்த மூன்று நாளும் உன் நண்பன் வீட்டில் படிக்கப் போயிருந்தாய். மூன்றாவது நாள் அவரே தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னார். தனபாலிடம் போனோம். அவர் எதையும் மறுக்கவில்லை. அட்வான்ஸ் செலவாகிவிட்டது, இன்னொருவர் வாங்க வந்தால் அவர்கள் கொடுப்பதிலிருந்து உங்களுக்குத் திருப்பித் தருகிறேன் என்றார். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். வெளியே வந்ததும் ஏகாம்பரம் எங்கள் பக்கத்தில் நடந்தபடி சொன்னான்.

"நீங்க வாய மூடிகினு இருந்தா ஒரு மாசத்துல வேற பார்ட்டி புடிச்சுக் குடுத்துடுவேன். யார்னா வந்து கேட்டா, எங்களுக்கு வசதிப்படலன்னு சொல்லுங்க. போதும்."

நாங்கள் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அதற்குள் இந்தக் காலடிப்பேட்டை வீடு வந்துவிட்டது. இரண்டு வாரம் பொறுத்திருக்கிறேன் என்று இதன் உரிமையாளர் சொல்லியிருந்தார். ராயபுரம் வீட்டுக்காரரின் மகனுக்கு ஈஸ்டர் முடிந்ததும் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. அந்த அட்வான்ஸ் திரும்பி வராவிட்டால் இந்த வீடும் இல்லை, இருக்கும் வீடும் இல்லை. இதை நான் சமாதானத்துக்காக எழுதவில்லை. அப்போதைய நிலைமை அது.

கலா வந்தது ஒரு சனிக்கிழமை சாயங்காலம். இருபத்திரண்டு வயது இருக்கும். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. புருஷன் மணலியில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்கிறான், அந்தக் கடலோரத்து வீட்டைப் பேசியிருக்கிறார்கள். முன்னால் யாரோ அட்வான்ஸ் கொடுத்துவிட்டு விட்டுவிட்டார்கள் என்று அக்கம்பக்கத்தில் கேள்விப்பட்டு, புரோக்கருக்குத் தெரியாமல், விலாசம் விசாரித்துக்கொண்டு ராயபுரம் வரைக்கும் தனியாக வந்திருந்தாள். நான் பதினேழு வீட்டில் கற்றுக்கொண்டதைவிட அதிகம் அந்தப் பெண்ணுக்கு முதல் வீட்டிலேயே தெரிந்திருந்தது. யாரைக் கேட்க வேண்டுமோ அவர்களைச் சரியாகத் தேடி வந்துவிட்டாள்.

உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். அவள் சுற்றி வளைக்கவில்லை.

"அக்கா, நீங்க ஏன் அந்த வூட்ட வேணான்னு வுட்டுட்டீங்க? ஏதாச்சும் கொறை கீதா? எனக்கு ஒடம்பொறப்பு யாரும் இல்ல. அதான் உங்களாண்ட கேக்கறேன்."

"என் வீட்டுக்காரருக்கு ஹார்பர் தூரம்மா. ஷிப்டுக்குப் போய் வர முடியாது. மத்தபடி வீடு நல்ல வீடுதான்" என்றேன்.

முதல் இரண்டு வாக்கியம் ஏகாம்பரம் சொல்லிக் கொடுத்தது மாதிரி. மூன்றாவதை அவன் சொல்லிக் கொடுக்கவில்லை. அதை நானாகச் சேர்த்தேன். அவள் முகம் தெளிந்தது. நன்றி சொல்லிவிட்டுப் போனாள். உன் அப்பா உள்ளறையில் இருந்தார். நடுவில் கதவுகூட இல்லை, ஒரு திரைதான். அவர் வெளியே வரவில்லை. அவள் போனபிறகும் அதைப் பற்றிப் பேசவில்லை. சாகும்வரைக்கும் பேசவில்லை. அந்தத் திரைக்குப் பின்னால் அவர் உட்கார்ந்திருந்ததை நான் குற்றமாக எழுதவில்லை. கேட்கப்பட்டது நான். பதில் சொன்னதும் நான்.

பத்தாவது நாள் பணம் வந்தது. அந்தப் பணத்தைத்தான் இந்த வீட்டுக்கு அட்வான்ஸாகக் கொடுத்தோம். நீ பத்தாவது பரீட்சைக்குப் படித்ததும், உன் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டதும் இந்த வாசலில்தான். இதுவரைக்கும் உனக்குத் தெரிந்தது, வீடு லோன் போட்டு வாங்கியது என்பது மட்டும். லோனும் உண்மைதான்.

கடலோரத்து வீடு மூன்று மழை தாங்கியது. தேசம்மா சரியாகவே கணக்குப் போட்டிருந்தாள். மூன்றாவது வருடம் கார்த்திகையில், கடல் உள்ளே வந்து வீடுகள் விழுந்தன என்று பள்ளிக்கூடத்தில் பேசிக்கொண்டார்கள். ஆபீசில் அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் பஸ் ஏறிப் போனேன். சந்தின் முனையில் லாரிகள் பாறாங்கல் கொட்டிக்கொண்டிருந்தன. வீட்டின் சமையலறையும் பின்னறையும் இல்லை. முன்னறை இருந்தது, மாடிப்படியும் இருந்தது. உன் அப்பா ஏறி நின்ற மாடியின் பாதி கீழே சாய்ந்து தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. கலாவின் குடும்பத்துக்கு உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு நாள் முன்னாலேயே சாமான்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று சொன்னார்கள். யாரோ என்னை, நீங்கள் அவர்களுக்கு உறவா என்று கேட்டார்கள். இல்லை என்றேன்.

ஒரு வருடம் போல ஆனபிறகு திருவொற்றியூர் மார்க்கெட்டில் அவளே என்னை அடையாளம் கண்டு கூப்பிட்டாள். தேரடிக்குப் பக்கத்தில் ஒரு வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டிருக்கிறேன் என்றாள். புருஷன் பட்டறை வேலையோடு ராத்திரியில் வாட்ச்மேன் வேலையும் பார்ப்பதாகச் சொன்னாள். இல்லாத வீட்டுக்கு இன்னும் கடன் கட்டுகிறோம் என்று, ஊர்ச்செய்தி சொல்கிற மாதிரி சொன்னாள். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லவேள அக்கா, உங்க வூட்டுக்காரருக்கு ஹார்பரு தூரமாப் போச்சு. நீங்களாச்சும் தப்பிச்சீங்க" என்றாள். அவள் மனதார அதைச் சொன்னாள். அந்த இடத்திலேயே நான் சொல்லியிருக்கலாம். காய்கறிப் பை கனமாக இருந்தது, வெயில் அடித்தது, பஸ் வந்தது. எப்போதும் ஏதாவது ஒன்று வரும். அப்போதிருந்து என் ரவிக்கைகளை அவள்தான் தைக்கிறாள். ஆறு வருடமாகிறது. என் அளவு அவளுக்கு மனப்பாடம். கூலியோடு பத்து ரூபாய் கூடுதலாகக் கொடுப்பேன், அவள் சில்லறையைத் திருப்பித் தந்துவிடுவாள்.

நீ போன் செய்தது ஞாயிறு. செவ்வாய்க்கிழமை நான் தேரடிக்குப் போனேன். தைக்க எதுவும் எடுத்துப்போகவில்லை. கலா ஒரு பள்ளிக்கூடச் சீருடைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன், தேசம்மா சொன்னது, நாற்பத்தாறு அடி, ஏகாம்பரம் சொன்னது, நான் சேர்த்துச் சொன்ன மூன்றாவது வாக்கியம், எல்லாம். சொல்லி முடிக்கப் பத்து நிமிடம் ஆகியிருக்காது. இத்தனை வருடம் சுமந்தது பத்து நிமிடத்துக்கு மேல் இல்லை என்பது எனக்கே வியப்பாக இருந்தது. அவள் ஊசியை நிறுத்தியிருந்தாள். அழவில்லை, கத்தவில்லை. நான் எதை எதிர்பார்த்துப் போனேனோ அது எதுவும் நடக்கவில்லை. அந்தக் காஜாவை முடித்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"ரெண்டாவது மழ முடிஞ்சதும் எங்களுக்கும் தெரிஞ்சு போச்சுக்கா. வித்துடலாம்னு அதே புரோக்கர புடிச்சோம். ஒரு பார்ட்டி வந்தாங்க. வெல பேசி முடிச்சாச்சு. அந்தப் பொண்ணு தனியா வந்து, ஏன் விக்கறீங்கன்னு கேட்டுச்சு. நான் சொல்ட்டேன்."

அவள் புருஷன் ஒரு மாதம் அவளோடு பேசவில்லையாம். அந்தப் பெண்ணின் பெயர்கூடத் தனக்குத் தெரியாது என்றாள். அடுத்த சீருடையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, "வேற எதுனா கீதா அக்கா?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று எழுந்து வந்துவிட்டேன். இனி என் துணியை அவள் வாங்கித் தைப்பாளா என்று தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

சேவியர், வெள்ளிக்கிழமை நீ அட்வான்ஸ் கொடுப்பதும் கொடுக்காததும் நீயும் நிர்மலாவும் எடுக்க வேண்டிய முடிவு. பத்திரம், பட்டா, தண்ணீர் எல்லாவற்றையும் பார்த்திருப்பாய். நீ என்னைவிடப் படித்தவன். பக்கத்து வீடுகளில் போய்ப் பேசு. புரோக்கரை வெளியே நிறுத்திவிட்டுப் பேசு. நல்ல வீடுதான் என்று ஒருவர் சொன்னால், அப்படிச் சொல்வதால் அவருக்கு என்ன ஆகவேண்டியிருக்கிறது என்று யோசி. இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

இந்த வீடு எனக்குப் பிறகு உன்னுடையது. எதைக் கொண்டு வாங்கியது என்று இப்போது உனக்குத் தெரியும். வைத்துக்கொள்வதானால் வைத்துக்கொள். விற்பதானால் ஒன்று மட்டும் செய். பின்னறையில் மேற்குச் சுவரில், ஐப்பசி பிறந்தால் முழங்கால் உயரத்துக்கு ஈரம் ஏறும். நாலு தடவை பூசியும் நிற்கவில்லை. அது தெரியாமல் இருக்கத்தான் பீரோவை அங்கே போட்டிருக்கிறேன். வீடு பார்க்க யார் வந்தாலும், அவர்கள் கேட்பதற்கு முன்னால் பீரோவை நகர்த்திக் காட்டு. தனியாக நகர்த்த முடியாது, கனம் அதிகம். நிர்மலாவை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்.

அம்மா